வருகிற வழி

துக்கம் விசாரிக்க வந்த மேனேஜருக்கு டீ கொடுத்தேன். அவர் பிஸ்கட்டை ரொம்ப நேரம் நனைத்துவிட்டார். அது உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்துச் சாப்பிட்டார். பிறகு அதே விரல்களால் என் தோளைத் தட்டினார்.

"எனக்கு வலது கை போன மாதிரிம்மா," என்றார்.

அன்று போட்டிருந்த சட்டையை நான் அப்புறம் உடுத்தவில்லை.

என் கணவரும் நானும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தோம். ஆபீஸ்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் கம்பெனி. என் கணவர் நெட்வொர்க் அறையில். நான் புகார்களைப் போனில் கேட்டுக்கொள்ளும் மேஜையில். எங்களிடம் லைன் வாங்கியவர்களில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையும் ஒன்று. ஊரில் யார் ஆம்புலன்சைக் கூப்பிட்டாலும் அந்தக் குரல் எங்கள் வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும்.

எங்களுக்கு வெளியுலகத்தோடு இரண்டு இணைப்புகள் இருந்தன. ஒன்று நல்ல லைன். மற்றது பாலத்து லைன். பாலத்துக்கு அடியில் சாக்கடையை ஒட்டி வருவது. மழை வந்தால் அதன் இணைப்புப் பெட்டிக்குள் அழுக்குத் தண்ணீர் இறங்கும். அதில் போகும் பேச்சு பல்லிடுக்கில் மாட்டியது போலத் துண்டு துண்டாகும். இருந்தும் அதை வைத்திருந்தோம், ஏனென்றால் அது முதலாளியின் மச்சானுடையது. ஆபீசில் அவருக்குப் பெயரே பாலத்து மச்சான்.

ஆம்புலன்ஸ் அறையின் பேச்சு மட்டும் பாலத்து லைனில் படக்கூடாது என்று என் கணவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் அதை எனக்கு விளக்கினார்.

"வெளிய போறது நம்ம இஷ்டம். எந்த லைனுக்குப் பெரிய நம்பர் போடறோமோ அதுல போகும். உள்ள வர்றது அப்படியில்ல. வர்றவன் அவன் இஷ்டத்துக்குத்தான் வருவான், உங்க சித்தப்பா மாதிரி."

"எங்க சித்தப்பாவை ஏன் இழுக்கறீங்க?"

"எந்தப் பக்கமா வரணும்னு அவர்கிட்ட யாராவது சொல்ல முடியுமா? அந்தப் பக்கம் சுத்து, இந்தப் பக்கம் கிட்டன்னு நம்ப வெக்கத்தான் முடியும்."

நம்ப வைக்கும் விதம் இதுதான். பி.ஜி.பி. என்ற முறையில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு. ஓர் இடத்துக்குப் போக இன்னின்ன நெட்வொர்க்குகளைத் தாண்ட வேண்டும் என்று அந்த எண்களை வரிசையாக ஊருக்கெல்லாம் அறிவிப்பார்கள். வரிசை நீளமாக இருந்தால் பொதுவாக மற்றவர்கள் அந்த வழியைத் தவிர்ப்பார்கள். என் கணவர் பாலத்து லைன் பக்கமாக அறிவிக்கும்போது எங்கள் எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருந்தார். வழி தூரம் என்று நினைத்து, கூப்பிடுகிறவர்களின் குரல்கள் நல்ல லைன் பக்கம் திரும்பிவிடும்.

இந்த அறிவிப்புகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொழிலில் போட்டியாளன் ஒருவன் பார்த்துவிட்டு, உங்க மாமா கம்பெனிக்காரங்களே உங்க லைன்ல வராதீங்கன்னு தண்டோரா போடறாங்களே என்று மச்சானைக் கேலி செய்திருக்கிறான். மச்சான் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். என் கணவர் அப்போது காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார், நானும் லீவு. நடந்ததை நெட்வொர்க் அறையில் இருக்கும் தூங்குமூஞ்சி, என் கணவரின் சாவுக்கு வந்தபோது எனக்குச் சொன்னார். எப்போதும் பாதிக் கண் மூடியே இருப்பதால் அந்தப் பெயர்.

"என் லைனுக்கு என்ன சொறியா புடிச்சிருக்குன்னு கத்தினாருக்கா. மேனேஜர் பவ்யமா எழுந்து, அஞ்சே நிமிஷம் சார்னு சொல்லிட்டு அந்த ஏற்பாட்டை அழிச்சிட்டார். நான் சொன்னேன்னு வெளிய விட்டுடாதீங்கக்கா."

"அப்போ பார்த்துட்டு நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

மச்சான் வந்து போன அந்த வாரமே ஒரு மழை மாலையில், தண்ணீர் குடிக்க எழுந்த என் கணவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கை நெஞ்சில் இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எடுத்த பெண்ணின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது.

"அம்மா, உங்க குரல் விட்டு விட்டு வருது. தெரு பேரை மறுபடி சொல்லுங்க."

சொன்னேன்.

"கேக்கலம்மா. மெதுவா சொல்லுங்க."

அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"அவங்க பேசறது நல்லா கேக்குதா?"

"கேக்குது. நான் சொல்றதுதான் அவங்களுக்குக் கேக்கல."

"அப்போ வர்ற வழி," என்றார். "யாரோ கை வெச்சிருக்காங்க."

அவர் பேசியதில் கடைசி அதுதான். வண்டி வேறு தெருவுக்குப் போய், விசாரித்துக்கொண்டு, கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தது. அதற்குள் அவசரம் முடிந்துவிட்டது.

மேனேஜர் துக்கத்துக்கு வந்ததன் காரணம் டீ முடிந்த பிறகு தெரிந்தது.

"அவர் லாகின்லதான் மாத்தம் நடந்திருக்கும்மா. வீட்லருந்தே செஞ்சிருக்கார் பாவம், காய்ச்சல் மயக்கத்துல. ஆம்புலன்ஸ் துறையிலருந்து விசாரணைக்கு வரப்போறாங்க. நீ ஆமான்னு தலையாட்டினா போதும். போனவரை இனிமே யாரு என்ன பண்ணிடப் போறாங்க?"

எங்கள் நெட்வொர்க் அறையில் எல்லாரும் என் கணவரின் லாகினில்தான் நுழைவார்கள். ஆளுக்கொன்று உண்டாக்க யாருக்கும் மனமில்லை. அந்தப் பெயர் அங்கே பொதுத் துண்டு மாதிரி தொங்கியது. வந்தவன் போனவனெல்லாம் கை துடைத்துக்கொண்டான். அவர் போன பிறகும் துடைத்துக்கொள்ளத்தான் இவர் வந்திருந்தார். தன் சாவைத் தானே தேடிக்கொண்டவர் என்று என் கணவரின் பெயர் நிற்கப்போகிறது. அதற்கு நான் தலையாட்ட வேண்டும்.

"விசாரணைக்கு நானும் வரேன்," என்று மட்டும் சொன்னேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் காலையிலிருந்தே மழை. ஆபீஸ் மீட்டிங் அறையில் தித்திப்பாக ஏதோ ஸ்பிரே அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் ஈரக் கம்பளத்தின் நாற்றம். மேஜையில் ஒரு பிஸ்கட் தட்டு. ஆம்புலன்ஸ் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மச்சான் கால்மேல் கால் போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். தூங்குமூஞ்சி லேப்டாப்போடு மூலையில் இருந்தார்.

மேனேஜர் குரலைத் தழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "இறந்தவரைப் பத்திப் பேசக் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா மாத்தினது அவர்தான். விஷயம் தெரிஞ்ச உடனே நான் சரி பண்ணிட்டேன். இங்கருந்து டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"உங்க போன்லருந்து ஆம்புலன்ஸ் ரூமைக் கூப்பிட்டுப் பாருங்க மேடம்."

கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். ஆம்புலன்ஸ், சொல்லுங்க என்று தெளிவாக ஒரு குரல் வந்தது. அதிகாரி தன் பெயரைச் சொன்னார்.

"விட்டு விட்டு வருதுங்க. மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

"கேக்கலைங்க."

மச்சான் பல் குத்துவதை நிறுத்தினார்.

"இவர் பார்த்தது வெளிய போற வழியை மட்டும்," என்றேன். "அது எப்பவும் நல்லாத்தான் இருந்தது. உள்ள வர்ற வழின்னு ஒண்ணு தனியா இருக்கறதே இவருக்குத் தெரியாது. தெரியாத கைதான் அதை அழிச்சிருக்கு. என் வீட்டுக்காரர் உயிர் போற நேரத்துல, போன் சத்தத்தை வெச்சே, யாரோ கை வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டார்."

"துக்கத்துல பேசறாங்க மேடம்," என்றார் மேனேஜர்.

அதிகாரி அவரைப் பார்த்தார். "சரி பண்ணேன்னு சொன்னீங்களே, யார் லாகின்ல பண்ணீங்க?"

மேனேஜரின் கைக்குட்டை வெளியே வந்தது.

மூலையிலிருந்து தூங்குமூஞ்சியின் குரல் கேட்டது. அன்றுதான் அவர் கண் முழுதாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன். "அவர் லாகின்லதான் மேடம். எங்களுக்குன்னு வேற கிடையாது. நேத்துகூட மேனேஜர் அந்தப் பேர்லதான் உள்ள போனாரு."

"செத்தவர் நேத்து வேலைக்கு வந்திருக்கார்," என்றார் அதிகாரி. "அப்போ முன்னாடி மாத்தினதும் அவர்தான்னு எதை வெச்சு சொல்றீங்க?"

மேனேஜர் கழுத்தைத் துடைத்தார். மச்சான் அவரைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "இதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியலையாய்யா உனக்கு?"

ஒரு மனிதன் செத்ததற்கு அவருக்கு இருந்த வருத்தம் இவ்வளவுதான்.

மாற்றியது இறந்தவர் என்பதை ஏற்க முடியாது என்று தன் அறிக்கையில் எழுதப்போவதாக அதிகாரி சொன்னார். பழைய ஏற்பாட்டைத் தன் கண்ணெதிரே திரும்பப் போடச் சொன்னார். தூங்குமூஞ்சி லேப்டாப்பைத் திறந்தார். பழக்கத்தில் அவர் விரல்கள் என் கணவரின் பெயரைத் தட்ட ஆரம்பித்தன. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அந்தப் பேரை விடுங்க."

"புதுசா ஒண்ணு உண்டாக்கவே இது வழியாத்தான்க்கா போகணும்."

அதற்கு மட்டும் விட்டேன். உள்ளே போய்த் தனக்கென்று ஒரு லாகின் உண்டாக்கி, அதில் நுழைந்து முதல் வேலையாகப் பழையதை நீக்கினார். பிறகு பாலத்து லைன் பக்கம் எங்கள் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அது ஊரெல்லாம் பரவக் கொஞ்சம் நேரம் எடுக்கும். காத்திருந்தோம்.

பிறகு நான் என் போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

"ஆம்புலன்ஸ், சொல்லுங்க."

கதவு எண், தெருப் பெயர், முனையில் இருக்கும் மருந்துக்கடை, எதிர்ச்சந்தில் திரும்ப வேண்டிய இடம் என்று எங்கள் வீட்டு விலாசத்தை முழுதாகச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"யாருக்கும்மா, என்ன பண்ணுது?"

"யாருக்கும் இல்ல. கேக்குதான்னு பார்த்தேன்."

"நல்லா கேக்குதும்மா."

போனை வைத்தேன். மேனேஜர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.