கண்ணகை வீட்டுச் சோடாப் போத்தல்

இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறாம் தேதி கடல் பனிச்சங்கேணிக்குள் வந்து திரும்பிப் போன பிறகு, கண்ணகையின் வீட்டுச் சாமான்களில் ஒரு சோடாப் போத்தல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு இருக்கவில்லை. போத்தலை வைத்திருந்த தட்டும், தட்டு அடித்திருந்த சுவரும், சுவர் நின்ற அத்திவாரத்தில் பாதியும் மேற்கே வாவிக்குள் போய்விட்டன. போத்தல் மட்டும் ஒரு ஆளின் நெஞ்சுயரத்தில் வெறும் காற்றில் நின்றது. வெயில் பட்டபோது அதன் பச்சை நிழல் மணலில் விழுந்தது. அந்தக் கிழமை மீனின் விலை விழுந்து, பருப்பின் விலை ஏறியது. கடலில் பிடித்த எதையும் யாரும் வாயில் வைக்கத் துணியவில்லை. கண்ணகையும் மகன் ரதீஸும் முதல் நாளே வவுணதீவுக்கு, அவளுடைய தம்பி நல்லரத்தினத்தின் வயல் வட்டையில் களை பிடுங்கப் போயிருந்ததால் தப்பினார்கள். வலை காய வைக்க வீட்டில் நின்ற புருஷன் கனகசூரியத்தைக் கண்டல் காட்டுக்குள் கண்டெடுத்தார்கள். அவரை அடக்கிவிட்டு வந்து பார்த்தபோதுதான் கண்ணகை போத்தலைக் கண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அப்படியே விட்டாள். அழுவதற்கு அவளிடம் அப்போது எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அது போளைச் சோடாப் போத்தல். கண்ணாடி தடிப்பு, கழுத்து நெரித்ததுபோல ஒடுக்கம், அந்த ஒடுக்கத்துக்கு மேலே கோலிக்குண்டு போல ஒரு கண்ணாடிப் போளை உருளும். கண்ணகையின் அப்பா சீனித்தம்பி இளம் வயதில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சோடாக் கொம்பனியில் போத்தல் கழுவியவர். கொம்பனி மூடப்பட்டபோது முதலாளி கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு போத்தல் கொடுத்து அனுப்பினார். மற்றவர்களின் போத்தல்களை அவரவர் பிள்ளைகள் போளைக்காகக் கல்லில் அடித்து உடைத்தார்கள். சீனித்தம்பி தன்னுடையதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். சாகக் கிடந்தபோது கிணறு யாருக்கு, மாடு யாருக்கு, தென்னைகள் யாருக்கு என்றெல்லாம் சொன்னவர், போத்தலை மறந்துபோனார். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு சீதனமாக மகளுக்கு வந்தது. மகன் நல்லரத்தினம் கலியாணம் முடித்து வவுணதீவில் மனைவி வீட்டுக்குப் போனான். வருசப் பிறப்புக்கு வரும்போதெல்லாம் போத்தலை எடுத்து ஒருதரம் குலுக்கிப் பார்த்துவிட்டு வைப்பான். அது யாருடையது என்ற பேச்சு அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்ததில்லை. அதற்கு ஒரு விலை இருக்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

கடல் வந்துபோன பிறகு சில மாதம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஐயர் வந்து தேங்காய் உடைத்தார். நிவாரணம் கொண்டுவந்த வெள்ளைக்காரர் படம் பிடித்தார். படத்தைப் பார்த்த அவருடைய மேலிடம், யாரோ நூல் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டதாம். மழை தொடங்கியதும் யாரும் வரவில்லை. நிவாரணத் தகரத்தில் கொட்டில் அடித்தபோது போத்தல் உள்ளே வரும்படி அடித்துக்கொண்டாள் கண்ணகை. வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துக் கழுவித் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்பாள், அது நிற்கும். வேறெங்கு வைத்தாலும் எல்லாப் போத்தலையும் போல விழும் என்று நினைத்தாள். ஒருதரம் ஒரு முழம் தள்ளி வைத்து, அது மணலில் விழுந்து உருண்டதோடு, பிறர் தொட அவள் விடவில்லை. ஊருக்கும் அதனால் ஒரு பயன் இருந்தது. வேலியும் எல்லைக்கல்லும் காணி உறுதிகளும் கடலோடு போயிருந்தபடியால், அளக்க வந்தவர் நாடாவின் நுனியைப் போத்தலுக்கு நேர் கீழே வைத்துத்தான் ஒவ்வொருவரின் வளவையும் பிரித்துக் கொடுத்தார். பக்கத்து வளவு அன்னப்பூரணி, கடல் எடுத்ததைவிட ஒரு தென்னை அகலம் தனக்குக் கூடக் கிடைத்ததென்று இரகசியமாகச் சந்தோசப்பட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் வாவிக் கரையில் வலை கழுவிக்கொண்டிருந்த ரதீஸைப் பிடித்துப் போனார்கள். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, அவ்வளவுதான். கண்ணகை முகாம் முகாமாகப் போய் வாசலில் இருந்தாள். ஒரு தரம் தூரத்தில் காட்டினார்கள். மறுதரம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு ஷெல் விழத் தொடங்கியது. ஊர் முழுக்கக் காட்டு வழியாக, கழுத்தளவுத் தண்ணீருக்குள்ளால், வாழைச்சேனைப் பக்கம் ஓடியது. கண்ணகை ஒரு பையையும் ரதீஸின் சேட்டு ஒன்றையும் எடுத்தாள், போத்தலை எடுக்கவில்லை. கடலுக்கு அசையாதது இதற்கும் அசையாது என்று எண்ணினாள். அப்படியே நடந்தது. கூடார வாழ்க்கை முடிந்து திரும்பி வந்தபோது கொட்டில் எரிந்திருந்தது, தென்னைகளுக்குத் தலை இல்லை, போத்தல் நின்றது. அதைச் சுற்றி மண்மூட்டை அடுக்கிக் காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பெடியன் ஒருவன் தினமும் அதற்குக் கீழே பூ வைத்து வந்திருக்கிறான். கண்ணகையைக் கண்டதும் மண்மூட்டைகளை அவனே அகற்றிக் கொடுத்துவிட்டு, தன் தாய்க்கும் இப்படி ஒரு சேலை இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டுப் போனான். கண்ணகை அதே இடத்தில் கொட்டிலைத் திரும்ப அடித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. பிள்ளைகளைக் கொடுத்தவர்களும் பறிகொடுத்தவர்களும் பஸ் ஏறி, எங்கெங்கே தடுப்பு முகாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போனார்கள். கண்ணகையும் போனாள். ரதீஸின் பெயர் எங்கும் இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நகரத்திலிருந்து ஒருவன் வந்தான். மூன்று வீட்டில் மூன்று பெயர் சொன்னவன். ரதீஸை வவுனியாப் பக்கம் கண்டதாகவும், காசு கொடுத்தால் வெளியே எடுக்கலாம் என்றும், தாமதித்தால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் சொன்னான். ரதீஸின் இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. கண்ணகையிடம் விற்க ஒன்றும் இருக்கவில்லை. தலை நிமிர்ந்தபோது போத்தல் தெரிந்தது.

கச்சி முகம்மது என்பவர் ஓட்டமாவடியிலிருந்து சைக்கிளில் பழைய பித்தளையும் செம்பும் வாங்க வருவார். சண்டைக்கு முன்னும் வந்தவர், சண்டைக்குப் பின்னும் வந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, போத்தலைச் சுற்றி ஒருதரம் நடந்து, அடியில் பொறித்திருந்த எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இத இரும்புச் சாமானோட சேர்த்து எடுக்கேலா. கொழும்பில இந்தப் போத்தலுக்கெண்டே அலையிற ஆக்கள் இரிக்காங்க. பிள்ளையள் உடைக்காம மிஞ்சினது எத்தின இரிக்கும்?"

"போத்தலுக்கா காசு, நிக்கிறதுக்கா?"

"போத்தலுக்கு. நிக்கிறதுக்கு ஆரு காசு தருவாங்க?"

என்ன விலை வரும் என்று அவருக்கும் தெரியாது. ஒரு கல்வீடு கட்டலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஒரு சேலை வாங்கலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். செய்தி வவுணதீவுக்கும் போனது. அடுத்த நாளே நல்லரத்தினம் வந்து வாசலில் குந்தினான். இரண்டு போகம் வெள்ளத்தில் போயிருந்தது. ஒரு லேன்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கினால் நிமிர்ந்துவிடலாம் என்று அவன் வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"அப்பாட போத்தல் அக்கா. பாதி என்ட."

"ஓம், பாதி உன்டதான். நான் இல்லையெண்டா சொன்னன்?"

அவள் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஆறிப்போனது. காசு எதற்கு என்று கேட்டான், சொன்னாள். அந்த ஆள் கள்ளன் என்று அவனுக்குக் கேட்ட உடனேயே விளங்கியது. அவளுக்கும் அது தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது விளங்கியது. கள்ளன் என்று சொல்லிவிட்டால், பிறகு அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று அவனால் யோசிக்க முடியவில்லை.

"ரதீஸ் வந்தா எனக்கும் வட்டையில ஒரு ஆள் வேணும்தானே," என்றான் எழும்பும்போது. "என்ட பாதியையும் அவன எடுக்கவே குடு."

போத்தலை எடுக்கப் போகிறாள் என்றதும் அன்னப்பூரணி ஓடி வந்தாள்.

"இதக் கொண்டு போனா என்ட வேலி எங்க எண்டு நாளைக்கு ஆரு சொல்லுற?"

"முளை ஒண்டு அடிச்சிட்டுப் போறன்கா," என்றாள் கண்ணகை. போத்தலுக்கு நேர் கீழே ஒரு கருங்காலி முளையை அறைந்து இறக்கிவிட்டு, போத்தலைச் சேலையில் சுற்றி, கச்சி முகம்மதுவோடு கொழும்பு பஸ் ஏறினாள்.

கொழும்பில் பழைய போத்தல் சேர்ப்பவர் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர், சிங்களவர். அவருடைய வீட்டில் ஆட்களைவிடப் போத்தல்கள் கூட இருந்தன. பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். போளையை உருட்டிக் காதில் வைத்துக் கேட்டார். கழுத்தில் விரல் வைத்துத் தடவினார். பிறகு கச்சி முகம்மதுவிடம் எதையோ கூச்சத்தோடு கேட்டார்.

"இது காத்தில நிக்குமாமே, இஞ்சயும் ஒருக்கா நிப்பாட்டிக் காட்ட ஏலுமா எண்டு கேக்காரு."

"அது அங்கதான் நிக்கும்."

ஆனாலும் அவருடைய ஆசைக்காக அவள் மண்டபத்தின் நடுவில் நெஞ்சுயரத்தில் போத்தலைப் பிடித்துக் கைவிட்டாள். வயதுக்கு மீறிய வேகத்தில் வைத்தியர் அதை ஏந்திப் பிடித்தார். மூச்சு வாங்கியபடி என்னவோ சொன்னார்.

"பரவாயில்லையாம். அவர்ட அலுமாரியில தட்டு இரிக்காம்."

அவர் சொன்ன விலை கல்வீட்டு விலை இல்லை, சேலை விலையும் இல்லை. ஒரு தோணியும் அதற்கு வலையும் வாங்கலாம். போத்தலின் வாயில் நெல்லுமணி அளவு ஒரு உடைவு இருந்ததாம், அது இல்லையென்றால் இன்னும் கூடத் தந்திருப்பாராம். கண்ணகை அந்த உடைவை அதுவரை கண்டதில்லை. வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அலுமாரிக்குள் எத்தனையோ போத்தல்களோடு அது சேர்ந்துவிட்டது. எது தன்னுடையது என்று அவளால் பிரித்து அறிய முடியவில்லை.

காசை வாங்கியவன் பதினைந்து நாளில் பிள்ளை வருவான் என்றான். பிறகு மாதம் என்றான். பிறகு அவனுடைய தொலைபேசியில் ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சொல்கிறாள் என்பதைக் கச்சி முகம்மது விளக்கினார். கண்ணகை கோபப்படவில்லை. காலையில் இறால் உரிக்கப் போனாள், பின்னேரம் வந்து சமைத்தாள், சாப்பிட்டதும் படுத்தாள். கொட்டிலுக்குள் போத்தல் நின்ற மூலைப்பக்கம் போவதைத் தவிர்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் கழுவ ஒன்றும் இல்லாமல் கை சும்மா கிடந்தது. கதிர்காமம் போகிறவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள், கால் நோகிறது என்றாள். களுதாவளைப் பிள்ளையாரிடமாவது வா என்றார்கள். அவரிடம் முதலே சொல்லிவிட்டேன், அவருக்கு ஞாபகம் இருந்தால் போதும் என்றாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பங்குனி மாதம் ஒரு மத்தியானம் ரதீஸ் வந்தான். வாகரை பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஒரு கடைப்பையோடு, வலது காலைச் சற்று இழுத்தபடி நடந்து வந்தான். தடுப்பில் வைத்திருந்தவர்கள் புனர்வாழ்வு முடிந்துவிட்டது என்று விட்டார்களாம். காசு வாங்கியவனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கண்ணகைக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. அவள் கத்தவில்லை. இறால் மணத்த கையால் அவனுடைய புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா மனே?"

"ஓம்," என்றான். சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் உட்காரவில்லை, நின்றபடியே, வாசலால் வாவியைப் பார்த்துக்கொண்டு குடித்தான். பாதி குடித்ததும், சின்ன வயதிலிருந்து பழகிய கை, பார்க்காமலே பக்கத்தில் போய்க் கிளாசை வைத்துவிட்டு வந்தது. கிளாஸ் விழவில்லை. போத்தல் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நின்றது. உள்ளே தேத்தண்ணி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.



"போத்தல் எங்க?" என்று கேட்டான் ரதீஸ்.

"வித்துட்டன்."

"எதுக்கு?"

"காசு தேவைப்பட்டிச்சு." அதற்குமேல் அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அவன் கிளாசைப் பார்த்தான். ஆச்சரியப்படுவதற்குரிய களை அவன் முகத்தில் இல்லை. வேறு பல இடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "அப்பா அடிச்ச தட்டு," என்றான். "அடிச்ச அண்டைக்கே சரிவெண்டு நீ ஏசினது."

கனகசூரியம் உடைந்த தோணிப் பலகை ஒன்றை அறுத்து, மட்டம் பார்க்காமல் அடித்த தட்டு அது. கண்ணகை தீப்பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தாள், நின்றது. சீப்பை வைத்தாள், நின்றது. கையால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. சாமானுக்கு மட்டும் அது இருந்தது. ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை வைத்து வைத்து நகர்த்திக்கொண்டே போய், எங்கே விழுகிறதோ அதுதான் பலகையின் நுனி என்று கண்டுபிடித்தாள். நுனியில் பலகை கொஞ்சம் கோணலாக வெட்டுப்பட்டிருந்ததும் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் நின்றுதான் அவள் அழுதாள். ரதீஸ் திரும்பி வந்ததற்கு அழுகிறாள் என்று அயலவர்கள் நினைத்தார்கள். அவள் கனகசூரியத்துக்கு அழுதாள். ஆறு வருசத்துக்குப் பிறகு, பின்னேரம் முழுக்க. ரதீஸ் கிட்ட வராமல், தூரமும் போகாமல் வாசலில் இருந்தான்.

அடுத்த வருசம் வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. தட்டில் சுவர் முட்டினால் என்ன ஆகுமோ என்று மேசன் பயந்து, சுவரை ஒரு சாண் விலக்கிக் கட்டினான். ரதீஸ் மாமனோடு வட்டைக்குப் போய் வந்தான், அதிகம் பேசவில்லை, ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டான். ஒரு நாள் அன்னப்பூரணி வந்து தட்டின் கீழும் மேலும் கையை விட்டுப் பார்த்தாள்.

"சுவரும் தொடல்ல, காலும் இல்ல. எறும்பு எதாலகா ஏறும்?"

"ஏறாதுதான்."

"அப்ப என்ட சீனி டின்னையும் இதில வைக்கட்டா?"

கண்ணகை சீப்பையும் தீப்பெட்டியையும் ஒரு பக்கம் ஒதுக்கி, சரிவைப் பார்த்து மேட்டுப் பக்கமாக இடம் விட்டுக் கொடுத்தாள்.