கரி ஊதாத நாள்

எனக்குக் கோபம் வரும்னு எங்க கம்பத்துக் குடிசைங்கள்ல எல்லாருக்கும் தெரியும். வராம என்ன செய்யும்? அந்தப் புகைபோக்கிக்குக் கீழ ஒரு மாசம் குடியிருந்து பாருங்க, உங்களுக்கும் வரும்.

என் பேரு பூவம்மா. எங்க வீட்டுக்காரர் மருதப்பனும் நானும் துணி வெளுக்குறவங்க. தோபி மருதப்பன்னு கேட்டா தஞ்சோங் பகார்ல யாரும் வழி காட்டுவாங்க. துறைமுகத்துப் பக்கத்துல, கரன்ட் எடுக்குற ஸ்டேஷனுக்குப் பின்னால, மேட்டுல எங்க கம்பம். கப்பல் கப்பலா நிலக்கரி வந்து இறங்கும். அதை பாய்லர்ல போட்டு எரிச்சு கரன்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவாங்க. சிராங்கூன் ரோட்டு வளையல் கடையில பட்டப்பகல்ல பல்பு எரியுறதை என் ரெண்டு கண்ணால பார்த்திருக்கேன். எங்க கம்பத்துல மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. கம்பி எங்க தலைக்கு மேலதான் போகுது, ஒரு பல்புக்குக்கூட வழி இல்ல.

எங்களுக்கு வர்றது கரி மட்டும்தான். சும்மா வர்ற புகையைக்கூடப் பொறுத்துக்கலாம். பாய்லர் குழாய்ல படிஞ்ச கரியை வேளைக்கு ஒரு தடவை நீராவி விட்டு ஊதித் தள்ளுவாங்க பாருங்க, அப்பத்தான் வினையே. கறுப்பா ஒரு மேகம் கிளம்பி அப்படியே மேட்டு மேல வந்து இறங்கும். சோத்துல கரி, தண்ணிப் பானையில கரி, பிள்ளைங்க மூக்கைச் சிந்தினா கரி. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இருமுறதைக் கேட்டா நமக்கு நெஞ்சு வலிக்கும்.

இந்த லட்சணத்துல நாங்க வெளுக்குறது யார் துணின்னு நினைக்கிறீங்க? அதே ஸ்டேஷன் துரைமார் துணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மெஸ்ஸுல போடுற மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, எல்லாம் வெள்ளை. எல்லாத்துக்கும் மொடமொடன்னு கஞ்சி போடணும். கஞ்சி போட்ட ஈரத்துணியில அந்தக் கரி விழுந்துச்சுன்னா அவ்வளவுதான். தட்டினா இழுவும், தேய்ச்சா பரவும். திரும்பவும் சவுக்காரம், திரும்பவும் நீலம், திரும்பவும் கஞ்சி. ஆனாலும் அந்த மெஸ் மூட்டையாலதான் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. அது போனா நாங்க கையை ஏந்த வேண்டியதுதான்.

பாய்லர்ல கரி ஊதுற வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தன் எங்க அடுத்த வீட்டு சூசைநாதன். தங்கமான புள்ளை. ஞாயித்துக்கிழமை கோயில், மத்த நாளெல்லாம் பாய்லர், வேற ஒண்ணும் தெரியாது. என்னை அக்கா அக்கான்னு சுத்தி வருவான். அவன் காலை ஷிஃப்டுல இருந்தா எங்களுக்குப் பயமில்ல. டீக்கு சங்கு ஊதினதும் இரும்புப் படிக்கட்டுல வந்து நின்னு, தோள்ல கிடக்குற சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டுவான். நாங்க அடிச்சுப் பிடிச்சு ஓடித் துணியை எடுத்துடுவோம். அப்புறம்தான் ஊதுவான். மத்த ஷிஃப்டுக்காரங்களுக்கு இந்தக் கரிசனம் கிடையாது. அவங்க ஊதுற நாள்ல எங்க துணி அம்மைத் தழும்பு முகமாட்டம் ஆயிடும்.

ஒருநாள் மெஸ் பட்லர் சிலுவைராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு. பெரிய இன்ஜினியர் துரை சட்டையில புள்ளி புள்ளியா கரியாம். அது புகைபோக்கிக் கரி இல்லையாம், எங்க இஸ்திரிப் பெட்டிக்குள்ள போடுற அடுப்புக்கரி கொட்டினதாம். வேற ஆளைப் பார்க்கச் சொல்லிட்டாராம். எனக்கு உச்சந்தலையில தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மலை மலையா நிலக்கரியை எரிக்கிறது அவங்க. கைப்பிடி அடுப்புக்கரி போட்டுப் பெட்டி தேய்க்கிற நான் ஊரைக் கறுப்பாக்குறேனாம்.

எங்க வீட்டுக்காரர் பேசாம இருன்னாரு. நான் பேசாம இருக்கப் பிறந்தவளா? சிலுவைராஜையும் கையோட இழுத்துக்கிட்டு நேரா துரை பங்களாவுக்குப் போயிட்டேன். துவைச்சு, கஞ்சி போட்டு, பெட்டியே தொடாத உங்க விரிப்பு ஒண்ணை உங்க தோட்டத்துலயே கட்டுறேன், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீங்களே உக்காந்து பாருங்கன்னு சொல்லச் சொன்னேன். கரி விழுந்தா, எல்லா ஷிஃப்டும் சாயந்தரம் நாங்க துணி எடுத்த பிறகுதான் ஊதணும். விழாட்டி, மூட்டையை வேற யாருக்கு வேணும்னாலும் கொடுத்துக்கட்டும். சிலுவைராஜ் பயந்து பயந்து சொன்னாரு. துரைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரின்னுட்டாரு.

நான் ஒண்ணும் யோசிக்காம சொல்லல. சூசைநாதன் காலை ஷிஃப்டு பார்க்குற நாளாப் பார்த்துத்தான் சொன்னேன். மத்தவன் முன்னப்பின்ன ஊதுவான், இவன் டீ சங்குக்கு ஊதலைன்னா சூரியன் மேற்கே உதிச்ச மாதிரி. காத்தும் அப்ப கடல்ல இருந்து பங்களாப் பக்கம்தான் அடிச்சுது. வீட்டுக்காரர், சூசைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைப்போமான்னு கேட்டாரு. நான்தான் கூடாதுன்னேன். நாளைக்குத் துரைக்கு விஷயம் தெரிஞ்சு, தோபியும் பாய்லர்காரனும் கூட்டுன்னு ஆச்சுன்னா அவன் வேலைக்கு உலை வச்ச மாதிரி ஆயிடும். பிள்ளைகுட்டிக்காரன், அவனை இதுல இழுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டோம்.

காலையில விரிப்பைக் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, பால் மாதிரி இருந்துச்சு. துரை நாற்காலி போட்டு பேப்பர் படிச்சாரு. நான் புல்லுல உக்காந்து புகைபோக்கியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆண்டவனே, சீக்கிரம் கரி கொட்டணும்னு வேண்டிக்கிட்ட முத தோபி நானாத்தான் இருப்பேன்.

டீ சங்கு ஊதிச்சு. சூசைநாதன் படிக்கட்டுக்கு வந்தான். துண்டை எடுத்தவன் அப்படியே நின்னான். அங்கிருந்து பார்த்தா பங்களாத் தோட்டம் நல்லாத் தெரியும். வெள்ளை வெளேர்னு ஒரே ஒரு விரிப்பு, பக்கத்துல காவலுக்கு நான், எதிர்ல பெரிய துரை. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டான்.

அவன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. அக்கா துரை முன்னால துணி காயப் போட்டிருக்கா, ஒரு பொட்டு விழுந்தாலும் அக்கா பொழப்பு போச்சு, ஊதக்கூடாதுன்னு நினைச்சுட்டான். ஊதுடா, ஊதித் தொலைடான்னு உள்ளுக்குள்ள கத்துறேன். துரையை வச்சுக்கிட்டு வாயத் திறக்க முடியுமா? எழுந்து போனா, துணியை ஏதோ பண்ணப் போறேன்னு சந்தேகப்படுவாரு. உக்காந்த இடத்துல புல்லைப் பிடுங்கிக்கிட்டு இருந்தேன். புகைபோக்கியில இருந்து ஊதுபத்தி மாதிரி கொஞ்சூண்டு புகை வந்துச்சு. அதுவும் காத்துல கலைஞ்சு போச்சு.

மத்தியானம் துரை எழுந்து வந்து விரிப்பைத் தடவிப் பார்த்தாரு. முன்பக்கம், பின்பக்கம், கைவிரல், எல்லாம் சுத்தம். சிலுவைராஜைப் பார்த்து என்னமோ சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. சிலுவைராஜ் என் முகத்தைப் பார்க்கவே இல்ல.

"பெட்டி படாததால கரியும் இல்ல, பார்த்தியான்னு சொல்றாரு லா. நாளையில இருந்து மூட்டை வராது பூவம்மா."

விரிப்பைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு மேடு ஏறினேன். பாதி வழி வந்திருப்பேன், பின்னால புஸ்ஸுன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, காலையில இருந்து அடக்கி வச்சதெல்லாம் சேர்த்து ஊதறான். வானமே இருட்டிப் போச்சு. என் தலை, தோள், விரிப்பு, எல்லாம் கறுப்பு. நான் விட்டேனா? அதே விரிப்போட பங்களாவுக்கு ஓடினேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. துரை தூங்குறாரு, எழுப்பக்கூடாதுன்னு காவல்காரன் கேட்டைத் திறக்கவே இல்ல. எழுப்பினாத்தான் என்ன ஆகும், வீட்டுல போய் நானே பூசிக்கிட்டு வந்தேன்னு சொல்லுவாரு. ரோட்டுல நின்னு அழுதேன். துக்கத்துல இல்ல, ஆத்திரத்துல.

சாயந்தரம் சூசைநாதன் குளிக்காமக்கூட நேரா எங்க வாசலுக்கு வந்தான். வர்றான்னு தெரிஞ்சதுமே நான் எழுந்துட்டேன். அவனைக் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் நாக்கு நுனியில வரிசையா நின்னுச்சு. வந்தவன் படியில உக்காந்து இருமினான் பாருங்க, ஒரு பாட்டம் இருமல். துண்டுல துப்பினான், கறுப்பா இருந்துச்சு. குழாய் அடைச்சு பாய்லர்ல நீராவி இறங்கிப் போச்சாம். ஃபோர்மன் எல்லார் முன்னாலயும் வாய்க்கு வந்தபடி ஏசினானாம். இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா வேலை இல்லேன்னு சொல்லிட்டானாம். அதையெல்லாம் ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொல்றான்.

"துணி வெள்ளையா இருந்துச்சாக்கா?"

எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"வெள்ளையாத்தான் இருந்துச்சு சூசை. துரையே தடவிப் பார்த்தாரு."

அவன் முகத்தைப் பார்க்கணுமே. இனிமே மெஸ் துணி காயுற நாளெல்லாம் எப்படியாவது சமாளிச்சு நிறுத்தி வைக்கிறேன்னான். வேணாம், ஃபோர்மன் சொல்ற நேரத்துக்கே ஊதிடுன்னு சொன்னேன். நாளைக்கு மூட்டை வராது, கொடியில துணி இருக்காது, படிக்கட்டுல நின்னு துண்டை ஆட்டும்போது அவனுக்கே தெரிஞ்சுடும். இன்னைக்கு ஒரு வேளையாவது நிம்மதியா சோறு திங்கட்டும்னு விட்டுட்டேன். அவன் இருமிக்கிட்டே வீட்டுக்குப் போனான். நான் அந்த விரிப்பைத் திரும்பத் தொட்டியில ஊறப் போட்டேன், அது துரை வீட்டுது, வெள்ளையாத்தான் திருப்பிக் கொடுக்கணும்.