கோடு போடாத பலூன்

எவ்வளவு தேய்த்தும் இறந்துபோன தம்பியின் ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் இருந்த கறுப்பு மை போகவில்லை. அக்கா ஈரத்துணியை மறுபடி முறுக்கினாள். இருபத்திரண்டு வருஷத்து மை, ஒரு காலை வேளையில் போய்விடுமா என்ன?

"விடுங்க அண்ணி, அது இருக்கட்டும்" என்றாள் தம்பியின் மனைவி. பிறகு ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். "கடைசிப் புஸ்தகம். உங்ககிட்டதான் குடுக்கணும்னாரு."

"என்கிட்டயா? வேற ஏதாவது சொன்னானா?"

"இல்ல. அவ்வளவுதான்."

ஏழு மாதமாக அவன் அவளோடு பேசவில்லை.

எந்தப் பதிப்பகத்தின் படியும் ஏறாமல் அவனே வரைந்து, அச்சகத்தில் கொடுத்து அடித்து, தபாலில் அனுப்பிய சித்திரக்கதைகள் முப்பது. எல்லாவற்றிலும் நாயகன் ஒரே தபால்காரன். படம் தம்பியுடையது, பேசுபவர் தலைக்கு மேல் வரும் வசன பலூனுக்குள் எழுத்து அக்காவுடையது. அவன் வசனத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், மை காய்ந்ததும் பென்சில் கோட்டை அழிப்பாள். அவன் பென்சிலால் கோடு போட்ட பலூனில்தான் எழுத வேண்டும், போடாததைத் தொடக்கூடாது. முப்பதாவது புத்தகத்தில் தபால்காரன் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வாசலில் நிற்கிறான், பலூன் காலி, கோடும் இல்லை. மனசு கேட்காமல் அவள் அதில் 'போயிட்டு வரேன்' என்று எழுதிவிட்டாள். ஐநூறு பிரதியும் அப்படியே அச்சாகிவிட்டது.

"அவன் திரும்பி வரமாட்டான்க்கா" என்றான் தம்பி. "அது தெரிஞ்சுதான் பேசாம நிக்கிறான். நீ அவனப் பொய் சொல்ல வச்சிட்ட." அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

அவனுடைய அறையில் போய் உறையைப் பிரித்தாள். நான்கு பக்கங்கள். தபால்காரனைக் காணோம். இந்த வீட்டுக் கூடம் இருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டி, சுற்றி நாற்காலிகள், பதினொன்று பத்து காட்டும் சுவர்க் கடிகாரம். பெட்டிக்குள் மட்டும் எதுவும் வரையாமல் வெள்ளையாக விட்டிருந்தான்.

அக்கா நிமிர்ந்து கதவு வழியே கூடத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று பத்து.

படத்தில் அச்சகக்காரர் மூன்றாவது நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். கூடத்திலும் அப்படியே. படத்தில் அவர் தலைக்கு மேல் இரண்டு கோடு போட்ட காலிப் பலூன்.

"ஒரு நாளாவது சொன்ன தேதிக்குப் பக்கம் குடுத்திருக்கானா?" என்றார் கூடத்து அச்சகக்காரர், மூக்கை உறிஞ்சியபடி. "இதுக்கு மட்டும் முந்திக்கிட்டான் பாரு."

அவள் கை தானாகவே பேனாவை எடுத்தது. எழுதினாள். இரண்டு வரி, பலூனில் ஓர் எழுத்துக்குக்கூட இடம் மிச்சமில்லை.

அடுத்த கட்டத்தில் மனைவி, பலூனில் ஒரே கோடு. "அவரு கண்ணாடி எங்க?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அதுவும் சரியாகப் பொருந்தியது. அக்கா பேனாவைக் கீழே வைக்கப் போனாள். ஆனாலும் எழுதிக்கொண்டே போனாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இத்தனை பேரைப் பேச வைத்தவன் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலா போவான்?

கடைசிக் கட்டம் இதே அறை. மேஜையில் குனிந்து எழுதுகிற அக்கா. அவளுக்குப் பின்னால் அவனுடைய சுழல் நாற்காலி, காலியாக, அவள் பக்கம் திரும்பி நின்றது. நாற்காலியிலிருந்து ஒரு பலூன் எழும்பியிருந்தது. அதில் கோடே இல்லை.

"செத்தும் வீம்பு விடலயாடா?" என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலி வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கங்களை மேஜையிலேயே வைத்து, அறையைப் பூட்டி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் போய் அவனை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மணி நாலு. சாவி பொத்திய பிடியிலேயே இருந்தது, உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. கதவைத் திறந்தாள்.

சுழல் நாற்காலி மேஜையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கால் பின்னுக்கு இழுத்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள், முதுகை நாற்காலிக்குக் காட்டிக்கொண்டு. கடைசிப் பலூனில் இப்போது ஒரு பென்சில் கோடு இருந்தது. மெல்லியது, வலது ஓரத்தில் சற்றே மேலேறுவது. அவன் கை எப்போதும் அப்படித்தான் ஏறும்.

பேனாவை நனைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூடத்தில் யாரும் பேசவில்லை. பின்னாலும் சத்தமில்லை. அளவுகோலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். எத்தனை எழுத்துக்கு இடம் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு முறை எழுதிய எழுத்துகள்தானே.

எழுதினாள். போயிட்டு வரேன்.

மை காய்ந்தது. அழிரப்பர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கோட்டை அவள் அழிக்கவில்லை.