அண்ணன் பதவிக்கு ஓர் ஊசி

தம்பியின் குத்து தாடையில் இறங்கியதும் அண்ணன் கொசுவின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு கீச்சுக் குரலும் வந்தது. ரத்தம் எல்லோருக்கும் வருவதுதான். குரலுக்குத்தான் குத்துச்சண்டைக் கூடமே சிரித்தது.

கொசு என்பது கூடம் வைத்த பட்டப்பெயர். அவனுக்குப் பதினைந்து வயது. தம்பிக்குப் பதின்மூன்று, மீசை வேறு. பருவம் வரிசையை மதிக்காமல் அண்ணனைத் தாண்டிப் போய்த் தம்பி தோளில் ஏறிக்கொண்டது.

கூடம் தாய்மாமாவுடையது. கீழே அவரே மருந்துக்கடையும் வைத்திருந்தார். மாடியில் உடைவதைக் கீழே ஒட்டிக்கொள்ளலாம். எடைப் பிரிவு என்பது கோழைகளின் கண்டுபிடிப்பு என்பது அவர் கொள்கை.

"அடுத்த மாசக் கடைசியில ரெண்டு பேரும் மோதுங்கடா," என்றார் மாமா. "தோத்தவன் ஜெயிச்சவன ஆயுசுக்கும் அண்ணேன்னு கூப்பிடணும்."

தம்பி கையுறையை முத்தமிட்டான். கொசு கணக்குப் போட்டான். பல் போனால் கட்டிக்கொள்ளலாம். அண்ணன் என்ற பதவி போனால் எந்தக் கடையில் வாங்குவது?

மாமாவுக்கும் மனசாட்சி உண்டு. கடைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கு. அதுதான் மேஸ்திரி. அது உத்தரவு போட்டாத்தான் கீழ வேலை நடக்கும். உன் மேஸ்திரி தூங்குறான். இந்த ஊசி எழுப்பிவிடும். ஒண்ணு போட்டா மாசம் பூரா விடாம எழுப்பிக்கிட்டே இருக்கும்."

"வலிக்குமா மாமா?"

"உன் தம்பிக்கு வலிக்கும்."

வலித்தது. பத்து நாளில் கொசுவுக்கு முகத்தில் பரு, தொண்டையில் தகரம், கண்ணில் கொலைவெறி. பாதி மருந்து, பாதி மமதை. பயிற்சியில் தம்பியின் முன்பல்லைப் பெயர்த்தான். விழுந்தவன் விலாவில் ஓர் உதையும் கொடுத்தான். அது குத்துச்சண்டையில் கிடையாது என்று யாரோ சொல்ல, சொன்னவருக்கும் ஒன்று விழுந்தது. மாமா பூரித்துப்போய் மறுமாதமும் ஊசி போட்டார்.

அதன் பிறகு காற்றுப்போன டியூப் மாதிரி ஆனான் கொசு. கை தூக்க முடியவில்லை. திடீர் திடீரென்று உடம்பு அனலாகி வியர்த்துக் கொட்டியது. "எனக்கு வர வேண்டியது உனக்கு ஏண்டா வருது?" என்று அம்மா மிரண்டு, அவனையும் மாமாவையும் ஹார்மோன் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"ஊசி யார் போட்டது?" என்றாள் டாக்டரம்மா. மாமா மின்விசிறியை ஆராய்ந்தார்.

"மூளை பிட்யூட்டரிய விட்டு விட்டுத்தான் தட்டும். முதல்ல தூக்கத்துல மட்டும் தட்டும், போகப்போகப் பகல்லயும் தட்டும். பருவம் வர்றதே அப்படித்தான். இவனுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நீங்க காலிங் பெல்லுல வச்ச விரல எடுக்கவே இல்ல. உள்ள இருக்கறவன் முதல்ல அலறி ஓடி வந்தான். அப்புறம் ஒயரப் பிடுங்கிப் போட்டுட்டுப் படுத்துட்டான். ரொம்பச் சின்ன வயசுலயே பருவம் வந்துட்டா, அத நிறுத்தி வைக்கத்தான் சார் இந்த ஊசி."

"திரும்ப வருமா?" என்றான் கொசு.

"ஊசிய நிறுத்தினா சில மாசத்துல வரும்."

மோதல் ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாமாவைத் திட்டி முடிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. ஹார்மோன் இல்லை என்று விடுப்பு கேட்பதைவிடச் சாவது கௌரவம் என்று கொசு கயிற்றுக்குள் ஏறினான்.

முதல் குத்தில் மூக்கு நசுங்கியது. இரண்டாவதில் புருவம் கிழிந்தது. விழுந்தான்.

"அண்ணேன்னு சொல்லு," என்றான் தம்பி.

"போடா."

எழுந்தான். காதோரம் இடி மாதிரி இறங்கியது. மறுபடி தரை.

"சொல்லுடா!"

"போடா மயிரு."

மாமா போதும் என்று துண்டை வீசினார். தம்பி அதை மிதித்துக்கொண்டு வந்து, எழுந்தவனை வயிற்றில் குத்தினான். கொசு ரத்த வாந்தியோடு மண்டியிட்டு, கயிற்றைப் பிடித்து மறுபடி நின்றான். தம்பியின் முன்பல் போன சந்தில் மூச்சு சீறியது. கண்ணீரும் சளியும் மீசையில் இறங்கின.

"செத்துருவ! சொல்லித் தொலையேன், அண்ணே!"

கொசு வீங்காத கண்ணைத் திறந்து, கிழிந்த உதட்டோடு இளித்தான்.

"என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு."

அதற்கும் ஒரு குத்து விழுந்தது.