பூட்டின கடல்

பிரேதப் பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்துகிறபோது துறைமுகப் பக்கமிருந்து முதல் வெடி அதிர்ந்தது. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. சிவக்கொழுந்தின் தலைமாட்டில் எரிந்த விளக்கைக் கதிர்காமத்தம்பி இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

"பீரங்கியப்பா. நேவிக்காரன்ர கப்பல் விழா தொடங்கிட்டுது," என்றான் மகன் கோணேஸ்வரன்.

"எனக்குத் தெரியாதே? ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் கத்தினவங்கள்தானே."

ஒத்திகைக்கு ஒரு நாள், விழாவுக்கு ஒரு நாள், சல்லி ஊர்க் கரையிலிருந்து ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது என்று கத்தினார்கள். அந்த இரண்டாம் நாள் விடியத்தான் அவர் மனுசி சிவக்கொழுந்து கண்ணை மூடினாள். பாரிசவாதம் வந்து இரண்டரை வருடம் கட்டிலோடு கிடந்தவள். முதுகு புண்ணாகிப் போனதென்று காற்று மெத்தை ஒன்றுக்குப் பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் இழுத்துவிட்டு, நிதி இல்லை என்றார்கள். முதியோர் கொடுப்பனவுக்கு ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டு என்றார்கள். ஓட்டோவில் கிடத்திக் கந்தோர் வாசலுக்குக் கொண்டுபோனார். உள்ளே இருந்தவர் எழும்பவும் இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்து, "சரி, கொண்டு போங்கோ," என்றார்.

இப்போது வெடிக்கு மேல் வெடி. அதற்கெல்லாம் நிதி இருக்கிறது.

மீனவர் சங்கத் தலைவன் ஞானசேகரம் பந்தலிலிருந்து உள்ளே வந்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணை, பின்னேரம் மூண்டு மணிக்கு எடுப்பம். சனமெல்லாம் கரையிலதான் நிக்குது. ஒருத்தருக்கும் தொழில் கெடாது. அக்கா புண்ணியவதி, நாள் பாத்துத்தான் போயிருக்கிறா."

பந்தலில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். கதிர்காமத்தம்பி சிரிக்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் பிரேதம் சுடலைக்குப் போகுமட்டும் வள்ளம் தள்ளுவதில்லை. எத்தனையோ வீட்டுக்காக அவரும் வலையை மடித்து வைத்தவர்தான், சில நாள் வாய்க்குள் திட்டிக்கொண்டு. அன்றைக்கெல்லாம் சிவக்கொழுந்து வெறும் சம்பலோடு சோற்றை வைத்து, "செத்தது மனுசரப்பா, பேசாமல் தின்னுங்கோ," என்பாள்.

"நாளைக்கு எடுப்பம்," என்றார் கதிர்காமத்தம்பி.

"என்னப்பா கதைக்கிறீங்கள்?" என்றான் மகன்.

"இண்டைக்கு வள்ளம் நிக்கிறது அவளுக்கில்லை. அவன் கடலைப் பூட்டினான், நிக்குது. அவன்ர பூட்டில என்ர மனுசியைத் தூக்க ஏலாது."

ஞானசேகரம் குரலைத் தணித்தான். "ரெண்டு நாளா ஒரு வீட்டிலயும் உழைப்பில்லை, அண்ணை. மூண்டாம் நாளும் எண்டால் சனம் தாங்குமே? நாலு பேர் கடலுக்குப் போவினம். பிறகு உங்களுக்குத்தான் மனவருத்தம்."

"போறவன் போகட்டும். மறிக்கிறதுக்கு என்னட்ட ஒலிபெருக்கி இல்லை."

மத்தியானம் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பிரேதத்தைக் கும்பிட்டுவிட்டு, "ஐயா, அம்மாவின்ர முதியோர் அட்டை... உடன எடுக்கச் சொன்னவை," என்றாள்.

"ரெண்டரை வருசமா உங்களுக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியேல்ல. செத்து அரைநாளில வழி தெரிஞ்சிட்டுதோ, பிள்ளை?"

அவள் போன மாதம்தான் வேலைக்கு வந்தவளாம். அவரே அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். "வெயிலுக்க வந்த பிள்ளை. சோடா குடு," என்று மகனிடம் சொன்னார்.

விமானங்கள் தாழப் பறந்தன. பிள்ளைகள் கரைக்கு ஓடினார்கள். ஒப்பாரி வைத்தவர்கள் அந்த இரைச்சலுக்கு மேலால் கத்தி அழுதார்கள். பொழுதுபடுகிறபோது கடல் திறந்தாயிற்று என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் எஞ்சின்களைத் தோளில் சுமந்துகொண்டு கரைக்குப் போனார்கள். வேலிக்கு மேலால் அவர் எத்தனை பேரென்று எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசேகரமும் போனான்.

விடிகிற நேரம் அவர் எழும்பிக் கரைக்கு நடந்தார். எஞ்சின் சுமந்துபோனவர்களின் வீட்டுக் குசினிகளை அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் பால்மாவுக்கு வழியில்லை, எந்த வீட்டில் நகை அடைவில் கிடக்கிறது என்றெல்லாம் தெரியும். 'போங்கோ, அவள் ஒண்டும் கோவிக்க மாட்டாள்' என்று சொல்லிவிட வேண்டும். தானே சொல்லிவிட்டால் அது அவமானமில்லை.

ஞானசேகரம் தன் வள்ளத்தின் பின்னால் குனிந்து எஞ்சினில் கை வைத்துக்கொண்டு நின்றான். கதிர்காமத்தம்பி தொண்டையைச் செருமினார்.

"சேகரம், நீங்கள்..."

அவன் எஞ்சினைப் பூட்டியிருந்த ஆணியை முழுதாகக் கழற்றி, எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"விலகுங்கோ அண்ணை, பாரம்," என்று அவரைக் கடந்து ஊர்ப் பக்கம் ஏறினான்.

மற்ற வள்ளங்களும் இறங்காமல் காய்ந்த மணலிலேயே கிடந்தன; எஞ்சின் பூட்டுகிற பின்பலகைகள் ஏற்கெனவே வெறுமையாக இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் சூடை மீன் கூட்டமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது.