இரண்டாம் பந்தி

நாரந்தனையில் கலியாண வீடானாலும் செத்தவீட்டு அந்தியேட்டியானாலும் பந்தி விசாரிக்கத் தியாகலிங்கம் வரவேண்டும். அவர் வந்து சேராமல் யாரும் இலை போடமாட்டார்கள். முதற்பந்தியில் யார், இரண்டாம் பந்தியில் யார், எந்த மாமனை எந்த மச்சானுக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. போதாக்குறைக்கு, முப்பத்திரண்டு வருடம் கிராம சேவையாளராக இருந்து ஊர்ச்சனத்தின் படிவங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தவர். ஆகவே பந்தியிலும் படிவத்திலும் தன்னை மிஞ்சத் தீவுப்பகுதியில் ஆள் இல்லை என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் பிறகு அவரை நடுக்கடலில் கொண்டுபோய் இருத்திவைத்தது.

ரொறன்ரோவில் இருக்கும் மகள் தர்சனா, தாய் தகப்பனின் நாற்பதாவது கலியாண நாளுக்குக் கப்பல் பயணம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெற் பார்த்து, ஐந்து இரவு கழித்துத் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்குவது. எல்லாம் பதிந்தாகிவிட்டது. ஒரேயொரு விஷயம்தான் மிச்சம்.

"அப்பா, இரவுச் சாப்பாட்டுக்கு ரெண்டு விதம் இருக்கு," என்றாள் தொலைபேசியில். "ஒண்டு பிக்ஸ்ட். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே மேசை. மற்றது பிளெக்சிபிள். விரும்பின நேரம் போகலாம், ரெண்டு பேருக்கெண்டு தனி மேசையும் தருவாங்கள். படிவம் அனுப்பியிருக்கிறன், யோசிச்சுப் போட்டுவிடுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த மனைவி மீனலோசனிக்கு இது கேட்டது. அவள் பொதுவாக இப்படியான விஷயங்களில் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த விரும்பின நேரத்தைப் போடுங்கோவன். பசிக்கேக்க போய்ச் சாப்பிடலாம். ரெண்டு பேருமா."

"பசிக்கேக்க சாப்பிடுறது நெடுந்தீவில கட்டாக்காலியா மேயுற குதிரை," என்றார் தியாகலிங்கம். "மனிசருக்குப் பந்தி எண்டு ஒண்டிருக்கு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். புட்டுக்குழலைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள்.

தியாகலிங்கம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் படிவத்தைத் திறந்தார். பிக்ஸ்ட் என்பதற்குக் கீழே இரண்டு நேரம் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு 'பெர்ஸ்ட் சிற்றிங்'. எட்டேகாலுக்கு 'செக்கன்ட் சிற்றிங்'. அவருக்குச் சிரிப்பு வந்தது. கப்பல்காரன் என்ன கோலம் போட்டு எழுதினாலும் விஷயம் நம்முடைய விஷயம்தானே! முதற்பந்தி, இரண்டாம் பந்தி. முதற்பந்தியில் வடை முழுதாக வரும், பாயசம் தடிப்பாக வரும். கடைசிப் பந்தியில் குழம்புக்குள் தண்ணீர் ஓடும். அதில் இருப்பது சமைத்த பெண்கள், வீட்டுக்காரப் பெண்கள். இது உலக நடைமுறை என்று அவர் எண்ணினார்.

பயணி ஒன்று, தியாகலிங்கம்: முதற்பந்தி.

பயணி இரண்டு, மீனலோசனி. இங்கே அவர் கொஞ்சம் யோசித்தார். தன் வீட்டு நடைமுறையை எண்ணிப் பார்த்தார். ஆறரைக்கு அவர் மேசையில் இருப்பார். மீனலோசனி ஆவி பறக்கும் புட்டை வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பாள். கறி குறைந்தால் அவர் கேட்கத் தேவையில்லை, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தே வைத்துவிடுவாள். அவர் கைகழுவிச் செய்தி பார்க்கப் போன பிறகு அவள் கோழியைக் கூட்டில் அடைத்து, சட்டிபானை கழுவி, எட்டு மணிக்கு மேல்தான் சாப்பிட இருப்பாள். அப்போது புட்டு விறைத்திருக்கும்.

"மீனலோசனிக்கு ஆறினதுதான் விருப்பம். சூடு பிடிக்காது," என்று அவர் நாலுபேரிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது வருடமாகக் கண்ணால் கண்டதற்குச் சத்தியக் கடதாசி எதற்கு?

பயணி இரண்டு: இரண்டாம் பந்தி. அதற்குள் எல்லாம் நன்றாக ஆறியிருக்கும். அன்புள்ள கணவன் ஒருவன் செய்யக்கூடியதைச் செய்துவிட்ட திருப்தியோடு அனுப்பும் பொத்தானை அமத்தினார்.

"எனக்கு எது போட்டனீங்கள்?" என்று கேட்டாள் மீனலோசனி.

"உமக்கு வசதியானதுதான்."

அதுவரை தியாகலிங்கம் கண்ட கடற்பயணம் குறிகாட்டுவானில் ஏறி நயினாதீவில் இறங்குவதும், நெடுந்தீவுக்கு உத்தியோக விஷயமாக இரண்டொருமுறை வாந்தி எடுத்துக்கொண்டு போனதும்தான். சிங்கப்பூரில் நின்ற கப்பலோ ஊர்காவற்றுறைப் பட்டினத்தைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருந்தது. ஆனாலும் அவர் அசரவில்லை. முதல்நாள் பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு ஐந்து நிமிடம் முந்தி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பட்டுச்சேலை உடுத்திய மீனலோசனியையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு மண்டப வாசலுக்கு வந்தார்.

வாசலில் பட்டியலோடு நின்ற பெண், "ஐயாவுக்கு நாற்பத்தோராம் மேசை. அம்மாவுக்கு எட்டேகாலுக்குத்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அது தெரியும்," என்றார் தியாகலிங்கமும் ஆங்கிலத்தில். "என் மனைவி இப்போது சாப்பிட வரவில்லை. பக்கத்தில் நிற்க வந்திருக்கிறார்."

அந்தப் பெண் எத்தனையோ நாட்டுச் சனத்தைக் கண்டவளாக இருப்பாள். ஆனால் தான் சாப்பிடும்போது பக்கத்தில் நிற்பதற்கென்று மனைவியைப் பட்டுச்சேலையில் கூட்டிவந்த ஆளை இப்போதுதான் காண்கிறாள் என்று அவள் முகம் சொன்னது. நிற்பதற்கு வசதி இல்லை, மன்னிக்கவேண்டும் என்றாள்.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் மேல போய்க் கடலைப் பாக்கிறன்," என்றாள் மீனலோசனி. போனவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தோராம் மேசையில் அவரோடு அவுஸ்திரேலியக் குடும்பம் ஒன்று இருந்தது. நல்ல சனம். சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அதோடு பேச்சு முடிந்தது. மீன் வந்தது. பாதி சாப்பிட்டு, மூச்சு விடுவதற்காகக் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பக்கம் பக்கமாக வைத்தார். பரிமாறுகிறவன் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்படி வைத்தால் போதும் என்று அர்த்தமாம்! ஆயிரம் பந்தி விசாரித்தவருக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. யாரும் அவருடைய கோப்பையைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிவர முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தியாகலிங்கம் தான் தனித்துப்போய் இருப்பதை உணர்ந்தார். இடதுபக்கம், தோளுக்குப் பின்னால், எப்போதும் ஒரு ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது.

எட்டேகாலுக்கு மீனலோசனியை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகாமல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். முதற்பந்தியில் மிஞ்சியதை எப்படிக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம், அது விசாரிப்புக்காரரின் பழக்கம்.

மிச்சம் ஒன்றும் வரவில்லை. மேசைவிரிப்புப் புதிது. பூ புதிது. மூலையில் ஒருவர் பியானோ வாசிக்கத் தொடங்கினார், இது முதற்பந்தியில் இல்லாத சங்கதி. கப்பலின் தலைவரே வெள்ளை உடுப்போடு வந்து மேசை மேசையாகக் கைகொடுத்தார். வெள்ளைக்கையுறை போட்ட ஒருவன் மீனலோசனிக்குக் கதிரையை இழுத்துவிட்டான். அவள் இருக்கவில்லை. கதிரை யாருக்கோ என்று நினைத்துப் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தாள். தனக்குத்தான் என்று விளங்கியதும் மெல்ல இருந்தாள். சூப் வந்தது. ஆவி பறந்தது.

அவளுக்குச் சூடு பிடிக்காதே என்று தியாகலிங்கத்துக்கு மனம் பதைத்தது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்றால் அவருடைய பந்தி முடிந்துவிட்டது. மீனலோசனி கரண்டியில் எடுத்து, ஊதி, குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கடகடவென்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள்.

இரவு அறைக்குள் வந்தவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவளுடைய மேசையில் ஈப்போவிலிருந்து வந்த பவதாரணி என்று ஒரு ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி இருந்தாளாம். அவளுடைய பாட்டனார் நம்முடைய தீவுப்பகுதி மடத்துவெளி ஆளாம்.

"என்ன வேணுமெண்டு கேட்டவங்களப்பா," என்றாள் மீனலோசனி. "எனக்குச் சொல்லத் தெரியேல்ல. எனக்கு என்ன விருப்பமெண்டு யோசிச்சுப் பாத்தன், ஒண்டும் வரேல்ல. பேந்து பவதாரணி அக்காதான் ரெண்டு மூண்டைச் சொல்லி, இதில எதெண்டு கேட்டவ."

அதைக் கேட்டபோது தியாகலிங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. கப்பல் ஆடுவதால் என்று வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவர் கத்தியையும் முள்ளையும் கவனமாகப் பிடித்துக்கொண்டு முழு மீனையும் சாப்பிட்டார். ருசிக்கவில்லை. எட்டேகாலுக்குக் கண்ணாடிக் கதவடியில் நின்றார். மீனலோசனி கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்ல, மேசையே சிரித்தது. வீட்டில் அவள் இப்படிக் கதைத்து அவர் கண்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பொறாமைதான் கூட.

மூன்றாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். இரண்டாம் பந்தி நிரம்பிவிட்டதாம். ஆனால் விரும்பிய நேரம் சாப்பிடும் மண்டபத்துக்கு மாறலாமாம், கடல் தெரிகிற பக்கம் இரண்டு பேர் மேசை ஒன்று இருக்கிறதாம். இருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். தியாகலிங்கம் படிவத்தை நிரப்பினார். கீழே மீனலோசனி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வழமைபோலப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டார். நாற்பது வருடமாக அவள் அந்தப் புள்ளடியைத் தேடிப்பிடித்துக் கையெழுத்துப் போட்டு வந்தவள். தலைப்பைக்கூடப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள். மேலிருந்து கீழ்வரை ஆறுதலாக வாசித்தாள்.

"இதை நான் அண்டைக்கே சொன்னனான்," என்றாள்.

"சொன்னனீர்தான். இப்ப போடும்."

"ஏலாது." கோபமில்லாமல்தான் சொன்னாள். "இருந்த பந்தியை விட்டிட்டு நடுவில எழும்பிப் போறது மரியாதை இல்லை எண்டு நீங்கள்தானே ஊருக்கெல்லாம் சொல்லுறனீங்கள். அங்க ஏழு பேர் எனக்காகப் பாத்துக்கொண்டிருப்பினம்."

தியாகலிங்கம் படிவத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். தன்னுடைய சட்டத்தைத் தானே எப்படி மறுப்பது? மிச்ச மூன்று இரவும் ஐந்தே முக்காலுக்குத் தனியாகப் போய் இருந்து எழும்பினார். கடைசி இரவு மீனலோசனியின் மேசைக்குத் தீ எரிகிற இனிப்புப் பண்டம் ஒன்று வந்தது. அவள் கைதட்டினாள். அதையும் அவர் கதவடியில் நின்றுதான் பார்த்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் பின்னேரம், ஆறரைக்குச் சரியாகத் தியாகலிங்கம் கைகால் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தார். வருகிற வழியிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார். இனிமேல் நீரும் என்னோடு இரும் என்று பெரிய மனதோடு சொல்லப்போகிறார். சொல்லும்போது அவள் முகம் எப்படி மலரும் என்பதைக்கூட நினைத்துப் பார்த்திருந்தார்.

மேசையில் மீனலோசனி இருந்தாள். அவள் முன்னால் ஆவி பறக்கும் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

"இண்டைக்கு நான் முதற்பந்தி," என்றாள். "உங்களை எட்டேகாலுக்குப் பதிஞ்சிருக்கிறன்."

பகிடி என்றுதான் முதலில் நினைத்தார். மற்றக் கதிரையைப் பார்த்தார். அதன்மேல் பயணப்பெட்டி இன்னும் அவிழ்க்காமல் கிடந்தது. பெட்டியை இறக்கி வைக்கலாம், நானும் இருக்கட்டோ என்று கேட்கலாம். ஆனால் பந்தி நடக்கும்போது இடையில் புகுந்து இருக்கிறவனை அவர் எத்தனை கலியாண வீட்டில் கையைப் பிடித்து எழுப்பியிருக்கிறார்! முன் அறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. குசினியிலிருந்து வந்த புட்டு வாசம்தான் தெரியும்.

மீனலோசனி ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தாள். கோழியை அடைத்தாள். சட்டிபானை கழுவினாள். எட்டேகாலுக்குக் கதிரையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்து, மூடி வைத்திருந்த கோப்பையைத் திறந்து, "வாங்கோ," என்று கூப்பிட்டாள்.

தியாகலிங்கம் இருந்தார். புட்டை உதிர்த்தார். அது உதிரவில்லை, கட்டி கட்டியாக வந்தது. பால்கறி மேலே ஆடை படிந்திருந்தது. ஒரு வாய் வைத்தார். மென்றார். அது தொண்டையில் போய் நின்றுகொண்டது.

"என்னப்பா இது, விறைச்செல்லோ போச்சு," என்றார். "இதை மனிசர் எப்பிடிச் சாப்பிடுறது?"

மீனலோசனி அவருடைய இடதுபக்கம், தோளுக்குப் பின்னால், வழமையான இடத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணி குடியுங்கோ," என்றாள். "இறங்கும். நான் நாப்பது வருசமா அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அவருடைய மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் வார்த்தாள். தியாகலிங்கம் அதைக் கையில் எடுத்தார். வாயிலிருந்த புட்டை விழுங்க அவருக்குக் கனநேரம் எடுத்தது.