கைகுலுக்கியதை மன்னிப்பு என்று எழுதலாமா?

1

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை, கடிதம் எழுதித்தான் பழக்கம். கடிதத்தில் இடமும் தேதியும் முதலில் வந்தால்தான் மற்றது ஓடும்.

எங்கள் தேவாலயம், ஞாயிறு ஆராதனை. இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில், நடைபாதை ஓரமாகப் பூட்டுக்காரர். அவருக்கு அடுத்தது ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் இடம். அன்று நர்ஸம்மா ஒரு இடம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தார். நடுவில் பூட்டுக்காரரின் தங்கை வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை. தங்கை வலது பக்கம் மின்விசிறிக்குக் கீழே தனியாக இருந்தாள். போதகர் பீடத்தில். நான் நான்காவது பெஞ்சில், பூட்டுக்காரரின் பிடரிக்கு நேர் பின்னால்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து "சமாதானம்" என்று சொல்லவேண்டும். முகம் பார்த்துக் கொடுப்பதில்லை. கை நீளும், கொடுப்போம். தும்மினால் கைக்குட்டையைத் தேடுவதுபோல அது பழக்கமாகிவிட்ட காரியம். பூட்டுக்காரரும் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் திரும்பினார்.

அறிவிப்பு நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். எனக்கும் என் மச்சானுக்கும் நடுவுல ரொம்ப நாளா ஒரு மனஸ்தாபம். இன்னைக்கு அவரு எனக்குக் கை குடுத்தாரு. என்னை மன்னிச்சிட்டாரு!"

சபை கைதட்டியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கண்முன்னே ஒருவர் இன்னொருவரின் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

2

சரி, என்ன மனஸ்தாபம்? இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அந்நியன் ஒருவன் சாவிக்கடைக்குள் நுழைந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டு—" (மழை பெய்யவில்லை. கதை என்று உட்கார்ந்தாலே மழை வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "பொறாமை என்பது ஒரு—" (இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவது, நடந்தபடி: மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து சாவிக்கடை நடத்தினார்கள். கடைக்கு ஒரே சட்டம். உரிமையாளர் நேரில் வந்து, அசல் சாவியைக் கையில் கொடுத்தால்தான் நகல் வெட்டுவது. சோப்பில் அழுத்திக் கொண்டுவந்த அச்சைத் தொடக்கூடாது. மச்சான் வெளிவேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், ஒருவன் சோப்புக்கட்டியோடு வந்தான். மாப்பிள்ளை வெட்டிக் கொடுத்தார். அந்தச் சாவியால் ஒரு வீடு திருட்டுப் போனது. காவலர்கள் கடைக்கு வந்து இதை வெட்டியது யார் என்று கேட்டபோது மாப்பிள்ளை சொன்னார்: "எனக்கு இவ்வளவு நுணுக்கமா வராது சார். மச்சான்தான்."

பூட்டுக்காரர் மறுத்தார். நிரூபிக்க ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. பூட்டு வேலைக்காரன்மேல் சந்தேகம் விழுந்தால் யார் வீட்டுக் கதவருகே விடுவார்கள்? இப்போது அவர் ஒரு மரச்சாமான் கடையில் அலமாரிக்குக் கீல் பூட்டுகிறார். சாவிக்கடை மாப்பிள்ளை பெயரில் நன்றாகவே நடக்கிறது.

* குறிப்பு: சபையில் எழுந்து சாட்சி சொன்னபோது மாப்பிள்ளை "மனஸ்தாபம்" என்றாரே தவிர சோப்பு, சாவி, காவலர் எதையும் சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் ஊரறிய நடந்தது. எதற்கு மன்னிப்பு என்பது உறைக்குள்ளேயே இருந்துவிட்டது.

3

மாப்பிள்ளையைப் பற்றி எனக்குச் சந்தேகம். அவர் நர்ஸம்மாவிடம் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா அம்மா" என்று கேட்டதை நான் கேட்டேன். ஏன் அந்த இடம்? மனம் உருகியா, கணக்குப் போட்டா? ஆண்டவரின் பன்னிரண்டு சீடரில் ஒருவன் முத்தத்தை வைத்து அவரைக் காட்டிக்கொடுத்தான். இவர் கைகுலுக்கலை வைத்து மன்னிப்பை எடுத்துக்கொண்டாரோ?

பூட்டுக்காரரைப் பற்றியும் சந்தேகம். பின்னாலிருந்து பார்த்தவன் நான். திரும்பி முகத்தைப் பார்த்த பிறகும் அவர் கையை உடனே உருவிக்கொள்ளவில்லை. அதிர்ச்சியா? அல்லது ஒருவேளை—

(விடுகிறேன். என்மேலும் சந்தேகப்படுங்கள். இவர் மன்னிக்காமல் இருந்தால்தான் என் கதைக்கு நல்லது.)

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆளுக்கு ஆள் அவர் தோளைத் தட்டினார்கள். "பெரிய மனசு உங்களுக்கு" என்றார் நர்ஸம்மா. போதகர் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"உங்க மாப்பிள்ளையை சபை நிர்வாகத்துக்கு மூப்பராத் தெரிஞ்செடுக்கலாம்னு இருக்கோம். யாரோடயும் பகை இல்லைன்னு இருக்கணும், அதான் விதி. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா போதும்."

"என்ன வரி ஐயா?"

"மன்னிச்சிட்டேன்னு. அதான் மன்னிச்சிட்டீங்களே!"

4

மறுநாள் சாயங்காலம் பூட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். சபையில் எனக்குக் கடுதாசி சார் என்று பெயர். விண்ணப்பம், வேண்டுகோள், ராஜினாமா எல்லாம் என்னிடம்தான் வரும்.

"கடுதாசி சார், ஒரு வரி எழுதணும். நேத்துலேர்ந்து வரல."

"மன்னிச்சீங்களா இல்லையா? அதச் சொல்லுங்க, எழுதிடலாம்."

"அதான் தெரியலையே. இல்லன்னு எழுதினா நான் கல்நெஞ்சக்காரன். ஆமான்னு எழுதினா அந்தச் சாவிய நான்தான் வெட்டினேன்னு ஊரு சொல்றது அப்படியே நிக்கும்."

"கேக்காமலே மன்னிக்கிறதுதானே நம்ம விசுவாசம்?" என்று கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிலுவையில தொங்கினவரு கேக்காமத்தான் மன்னிச்சாரு. ஆனா அத அவரு வாயால சொன்னாரு சார். ஆணி அடிச்சவன் எழுந்து நின்னு 'என்னை மன்னிச்சிட்டாரு, எல்லாரும் கைதட்டுங்க'ன்னு சாட்சி சொல்லலியே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"அவன் கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. அந்த 'என்னவோ'வையும் சேத்து எடுத்துக்கிட்டான்."

5

அப்போது வாசலில் தங்கை வந்து நின்றாள். (இவளை நான் கூப்பிடவில்லை. கதைக்காகக் கொண்டுவந்ததாக நினைக்காதீர்கள். அண்ணன் இங்கே வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.)

"அண்ணா, எழுதிக் குடுத்துடுங்கண்ணா. அவரு மூப்பர் ஆகிட்டா எல்லாம் சரியாகிடும். நீங்களும் நம்ம வீட்டுக்கு வரப்போக இருக்கலாம்."

"உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீ கடையிலதான இருந்த?"

"ஆமா."

"அந்த ஆளு சோப்போட வந்தத பாத்தியா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குண்ணா..."

"பாத்தியா, பாக்கலியா?"

அவள் என் மேஜைமேல் இருந்த உறைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் எழுந்து உள்ளே போவேன் என்று எதிர்பார்த்தவள்போல. போயிருக்கவேண்டும். போகவில்லை.

"பாத்தேன்."

"போலீஸ்காரங்க கேட்டப்பவும் அங்கதான நின்ன?"

"அவரு என் வீட்டுக்காரருண்ணா."

"நான் யாரு?"

அவள் அழுதாள். அவர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். என் வீட்டில், என் தம்ளரில், என்னைக் கேட்காமலே. அவள் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

6

நான் மூன்று கடிதங்கள் எழுதிவைத்தேன். மூன்றும் இந்தக் கதையின் முடிவுகளாகவும் இருக்கலாம்.

ஒன்று: "முழுமனதோடு மன்னித்துவிட்டேன்." எல்லாரும் அழுவார்கள். நான் நம்பமாட்டேன்.

இரண்டு: "நான் மன்னிக்கவில்லை. அது வெறும் கைகுலுக்கல்." உண்மை. ஆனால் பின்னாலிருந்து நான் பார்த்த அந்தக் கை—

மூன்று: "அவர் செய்ததைச் சபைமுன் சொல்லட்டும், பிறகு யோசிக்கிறேன்." நியாயம். கடை வாசலில் பேரம் பேசுவதுபோல நியாயம்.

அவர் மூன்றையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா மூணும் நீங்க எழுதினது."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். பரீட்சை எழுதும் பிள்ளைபோல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஒரு வரியைவிடக் கூடுதலாகவே எழுதினார். ஓரிடத்தில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். மடித்து உறைக்குள் வைத்து, தானே பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினார்.

"மேல விலாசம் மட்டும் நீங்க எழுதுங்க சார். உங்க கையெழுத்து அழகா இருக்கும்."

"மரியாதைக்குரிய போதகர்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வைக்கப்போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவருக்கு இல்ல."

"மாப்பிள்ளைக்கா?"

"தங்கச்சிக்கு."

"போதகர் கேட்டாரே?"

"கேக்கட்டும். அவருக்கு வாயாலயே சொல்லிக்கிறேன். ஆமாவா இல்லையான்னு அதுக்குள்ள எனக்கும் தெரிஞ்சிடும்."

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காங்க? கையில குடுக்கலாமே?"

"கையில குடுத்தா உடனே அழுவா. அழுதா நான் ஏதாவது சொல்லிடுவேன். இது தபால்ல போகட்டும். அவளும் நின்னு யோசிக்கணும்ல?"

விலாசத்தை எழுதினேன். உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்க எனக்கு ஆசை வந்ததை மறைக்கவில்லை. அவர் கவனித்துவிட்டு உறையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே இருப்பது குற்றச்சாட்டா, மன்னிப்பா, அல்லது ஒரு கேள்வி மட்டுமா? நான் யாரையும் நம்பாத ஆள். என்னிடம் கேட்டால் ஒன்றுக்கு மூன்று சொல்வேன். அதனால் இனி தங்கையின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உறையைப் பிரிக்கும்போது எந்த வார்த்தைக்குப் பயப்படுவீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தெருமுனைத் தபால்பெட்டிவரை நானும் கூடவே போனேன். அவர் உறையைப் பாதிவரை உள்ளே தள்ளி, விரல் விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விட்டார்.